ஃபோர்டு ஏ பின் ஆக்சில் மரை தேய்ந்திருக்கு: வைத்துக்கொள்ளலாமா, மாற்றணுமா?

மண்டபம்30

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1930 ஃபோர்டு மாடல் ஏ, திறந்த கூண்டு. காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டகையில் பல வருசம் நின்றது. வாங்கி மண்டபத்துக்குக் கொண்டுவந்து மூணு வருசம் ஆகுது.

போன ஞாயிறு உச்சிப்புளியிலிருந்து வரும்போது இடது பின் சக்கரத்தில் சத்தம். கிளம்பும்போது ஒரு 'டக்', பிரேக் மிதித்தால் ஒரு 'டக்'. சீராக ஓடும்போது எதுவும் இல்லை. வீட்டில் வந்து ஹப் (சக்கரக் குடம்) மூடியைக் கழட்டினேன். நட்டில் ஸ்ப்ளிட் பின்னுக்கு (நட்டு கழலாம பூட்டுற பிளவு ஊசி) பதிலா ஒரு ஆணியை வளைத்துச் சொருகி வைத்திருக்காங்க. அதுவும் பாதி அறுந்து நிற்குது. நட்டைக் கழட்டினால் முதல் ரெண்டு சுற்று இறுக்கம், அப்புறம் லொடலொடன்னு வந்துருச்சு.

ஆக்சில் முனை காளான் மாதிரி விரிஞ்சிருக்கு. வெளிப்பக்கம் நாலைந்து மரையின் உச்சி மழுங்கி, வெள்ளையா பளபளக்குது. உள்பக்கம் துருவும் பழைய கிரீஸும் கலந்து கறுப்பு. நான் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு பட்டறையில் பின் பிரேக் வேலை பார்த்ததாகச் சொன்னாங்க. அங்கேதான் நடந்திருக்கணும்.

இந்த மரையை நம்பலாமா? வெல்டிங் வைத்துப் புதுசா மரை வெட்டலாமா? இல்லை ஆக்சிலையே மாற்றணுமா? வண்டியில் என் அம்மாவும் பிள்ளைகளும் ஏறுறாங்க. அரைகுறையா எதையும் செய்ய மனசில்லை.

கீழக்கரை_காக்கா

தம்பி, முதல்ல வண்டியை ஸ்டாண்டுல ஏத்தி நிறுத்திடுங்க. முடிவு தெரியுற வரைக்கும் தெருமுனை வரைக்கும்கூட ஓட்டவேண்டாம். அந்த ஒரு நட்டு கழண்டா சக்கரம் மட்டும் போகாது, டிரம்மும் சேர்ந்து வெளியே வரும். டிரம் போனா அந்தப் பக்கம் பிரேக்கும் இல்லை.

அடுத்தது, கழட்டின நட்டைத் தூக்கி எறிஞ்சிடாதீங்க. அதுல பிட்ச் கேஜ் (மரை இடைவெளி பார்க்கிற பல் தகடு) வைத்துப் பாருங்க. மாடல் ஏ பின் ஆக்சில் 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 18 மரை. இன்னைக்கு யுஎன்எஃப்னு சொல்றதும் அதே அளவுதான், அப்போ எஸ்ஏஈ ஃபைன்னு சொன்னாங்க. 60 டிகிரி கோணம். மில்லிமீட்டரில் விட்டம் 15.875, மரைக்கு மரை 1.41.

நம்ம ஊர் கடையில் 'பதினாறு ஃபைன்' கேட்டா 16 மில்லி, 1.5 பிட்ச் நட்டு தருவாங்க. அதை இந்த ஆக்சிலில் போட்டா கையாலேயே ரெண்டு மூணு சுற்று போகும். சரியான நட்டுன்னு நினைச்சுடுவோம். ஒவ்வொரு மரைக்கும் 0.09 மில்லி வித்தியாசம் சேர்ந்துக்கிட்டே போய், அஞ்சாவது மரையில் கிட்டத்தட்ட அரை மில்லி ஆகும். அப்போ பிடிக்கும். பைப் மாட்டி இழுத்தா போகத்தான் செய்யும், ஆனா மரையைச் சீவிக்கிட்டு போகும். நீங்க சொன்ன 'முதல் ரெண்டு சுற்று இறுக்கம், அப்புறம் லொடலொட' எனக்கு அப்படித்தான் தெரியுது.

பாம்பன்_லேத்

அண்ணே வணக்கம். எனக்குக் கார் தெரியாது. போட் சாஃப்ட் தெரியும். விசைப்படகு புரொப்பல்லர் சாஃப்டும் இதே கதைதான்: டேப்பர் (ஒடுங்கிக்கிட்டே போற முனை), கீ (பள்ளத்தில் வைச்சுப் பூட்டுற இரும்புத் துண்டு), நட்டு, ஸ்ப்ளிட் பின். மரை போன சாஃப்ட் மாசம் ரெண்டு மூணு எங்க பட்டறைக்கு வரும். மரையைக் கடைஞ்சு எடுத்துட்டு, வெல்டிங் வைத்து ஏத்தி, மறுபடி கடைஞ்சு மரை வெட்டிக் கொடுப்போம். கடலுக்குப் போய் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. ஆக்சிலைக் கழட்டிக் கொண்டு வாங்க, பார்த்துடலாம்.

இப்போ மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை எல்லாப் படகும் கரையில், எல்லா சாஃப்டும் எங்க வாசலில். ரெண்டு மூணு நாள் தள்ளித்தான் எடுக்க முடியும், அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்.

காரைக்குடி_கொட்டகை

'ஆக்சிலைக் கழட்டிக் கொண்டு வாங்க' என்பது சொல்றதுக்குச் சுலபம். மாடல் ஏ-யில் ஆக்சில் தண்டும் டிஃபரன்ஷியல் உள்ளே இருக்கிற பக்கப் பல்சக்கரமும் ஒரே வார்ப்பு மாதிரி ஒரே துண்டு. வெளிப்பக்கமா உருவ முடியாது. பின் ஆக்சில் மொத்தத்தையும் இறக்கி, நடுக்கூட்டைப் பிரிச்சு, டிஃபரன்ஷியலையும் பிரிச்சாத்தான் தண்டு கையில் வரும். நான் ஒருமுறை செய்திருக்கேன், ரெண்டு பேர் நாலு நாள். திரும்பக் கோக்கும்போது பேரிங் இறுக்கம், ஷிம் (இடைவெளிக்கு வைக்கிற மெல்லிய தகடு) எல்லாம் புதுசா பார்க்கணும். அதனால வண்டியில் இருந்தபடியே எவ்வளவு சரிசெய்ய முடியும்னு முதல்ல பாருங்க.

ரயில்வே_ஓய்வு

நான் பணிமனையில் அச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், இப்போது தேவிபட்டினம். வெல்டிங் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். பாம்பன் தம்பியின் கைவேலையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படகு சாஃப்ட் பெரும்பாலும் பதம் போடாத இரும்பு அல்லது ஸ்டெயின்லெஸ். கார் ஆக்சில் பதம் போட்ட கலப்பு உருக்கு. அதன்மேல் வெல்டிங் வைத்தால் வெல்டுக்குப் பக்கத்தில் ஒரு வளையம் அளவுக்கு உருக்கு கண்ணாடிபோல விறைத்துவிடும். அந்த வளையம் எங்கே விழும் என்று பாருங்கள். மரை முடிந்து டேப்பர் தொடங்கும் படியிலும், கீ பள்ளத்தின் முனையிலும். ஆக்சில் முறிய வேண்டுமென்றால் அது தேர்ந்தெடுக்கும் இடமே அதுதான். மாடல் ஏ-யில் வண்டியின் எடையைத் தாங்குவது ஆக்சில் கூட்டின்மேல் ஓடும் உருளை பேரிங். ஆனாலும் வளைவில் திரும்பும்போது சக்கரத்தை நிமிர்த்திப் பிடிப்பது இந்தத் தண்டுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வளைவு, ஒரு நிமிர்வு. விறைத்த இடத்தில் மயிரிழை விரிசல் விழுந்தால் அது சொல்லாமல் வளரும். படகில் சாஃப்ட் முறிந்தால் இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்துவிடும். பாம்பன் ரோடு பாலத்தின் நடுவில் பின் சக்கரம் கழன்றால் யார் வருவார்கள்?

முன்கூட்டிச் சூடேற்றி, ஈரம் படாத லோ ஹைட்ரஜன் ராடு போட்டு, மணலில் புதைத்து ஆறவிட்டு, பிறகு பதமும் பார்த்தால் செய்யலாம்தான். அதைச் செய்ய அடுப்பும் சோதனைக் கருவியும் உள்ள இடம் வேண்டும். திண்ணையில் வைத்துச் செய்கிற வேலையல்ல.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தேய்ந்த மரையைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நட்டு ஏறுகிறதா என்பதை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். அந்த மரை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். சக்கரத்தைச் சுற்றுவது மரை அல்ல, டேப்பர். மரையின் ஒரே வேலை ஹப்பை டேப்பர்மேல் இழுத்துப் பிடிப்பது. 100 அடி-பவுண்டு முறுக்கினால் காய்ந்த மரையில் ஏறக்குறைய நாலேகால் டன் இழுப்பு வரும். அந்த நாலேகால் டன்னை எல்லா மரையும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்வதில்லை. ஹப்பை ஒட்டிய முதல் மரை மட்டும் மூன்றில் ஒரு பங்கு வாங்கும். அடுத்தடுத்த மரைக்குப் பாரம் குறைந்துகொண்டே போகும். வெளிமுனையில் உள்ள கடைசி மரைகள் ஏறத்தாழ சும்மா இருக்கின்றன.

ஆகவே உள்பக்க மரைகளைச் சுத்தம் செய்து அளந்து சொல்லுங்கள். வெளிமுனை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

மண்டபம்30

ஐயா, ரொம்ப நன்றி. காக்கா சொன்னது சரிதான், பழைய நட்டு 1.5 பிட்ச்சேதான். நட்டின் உள்ளேயும் மரை சீவிப் போயிருக்கு. ஆக்சிலின் துகள் அதில் ஒட்டிக்கிட்டிருக்கு.

மண்ணெண்ணெய் விட்டு, பித்தளைக் கம்பி பிரஷால் தேய்ச்சு உள்பக்கத்தைச் சுத்தம் பண்ணிட்டேன். கறுப்புக்குக் கீழே மரை கூர்மையா இருக்கு! மொத்தம் பத்து மரையில் உள்ளே ஆறு நல்லா தெரியுது. உச்சி விட்டம் உள்பக்கம் 15.7, வெளிப்பக்கம் 15.3. இது போதுமா?

ரயில்வே_ஓய்வு

உச்சி விட்டம் பாதிக் கதைதான். உச்சி மழுங்கினாலும் மரையின் சரிவு நன்றாக இருந்தால் பிடிக்கும். உச்சி கூர்மையாக இருந்து சரிவு தேய்ந்திருந்தால் பிடிக்காது. சரிவை அளக்க மூன்று கம்பி முறை இருக்கிறது. 0.8 மில்லி ட்ரில் பிட் மூன்று வாங்குங்கள், வழவழப்பான தண்டுப் பகுதிதான் கம்பி. ஒருபக்கம் அடுத்தடுத்த பள்ளத்தில் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று. கொஞ்சம் கிரீஸ் தடவினால் ஒட்டி நிற்கும். அதன்மேல் மைக்ரோமீட்டர் வைத்து அளங்கள். 5/8–18க்குப் புது ஆக்சிலில் 16.10லிருந்து 15.98க்குள் வரவேண்டும். 15.90 வரை இருந்தால் பொருத்தமான நட்டு செய்து காப்பாற்றலாம் என்பது என் அனுபவம். உள்பக்கமே அதற்குக் கீழே போயிருந்தால் ஆக்சிலை மாற்றுங்கள்.

முகையூர்_ஜீப்

நடுவில் ஒரு கேள்வி, மன்னிக்கணும். என்கிட்ட பழைய ஜீப். இடது பக்கச் சக்கர நட்டு எவ்வளவு திருப்பினாலும் அசையலை. மரை போயிருக்குமா?

கீழக்கரை_காக்கா

எந்தப் பக்கம் திருப்புறீங்க தம்பி? பழைய வில்லீஸ் வகை ஜீப்பில் இடது பக்கச் சக்கர ஸ்டட் இடது மரை. கழட்ட வலப்பக்கம் திருப்பணும். ஸ்டட் முனையில் 'எல்' எழுத்து இருக்கான்னு பாருங்க. இதே மாதிரி மோரிஸ் வண்டியும் ஆளைக் குழப்பும். பழைய மோரிஸ் எஞ்சினில் மரை மெட்ரிக், நட்டுத் தலை மட்டும் விட்வொர்த்ங்கிற பழைய இங்கிலீஷ் அளவு. இங்கிலீஷ் வண்டியில் 5/8 பிஎஸ்எஃப் (பிரிட்டிஷ் ஃபைன் மரை) வந்தா அங்குலத்துக்கு 14 மரை, கோணமும் 55. பிட்ச் கேஜ் இல்லாம எந்தப் பழைய வண்டியிலும் நட்டைப் போடவேண்டாம். பெரிய விலை இல்லை, எல்லார் பெட்டியிலும் ஒண்ணு இருக்கட்டும்.

மண்டபம்30

ட்ரில் பிட் வாங்க ராமநாதபுரம் போக வேண்டியதாச்சு. மைக்ரோமீட்டர் பக்கத்து ஐஸ் கம்பெனி ஃபிட்டர் கொடுத்தார். மூணு கம்பியும் நிற்காம விழுந்துக்கிட்டே இருந்தது. கடைசியில் என் மகள் கிரீஸ் தடவி விரலால் பிடிச்சுக்கிட்டாள். ஒரே இடத்தில் மூணு தடவை அளந்து பார்த்துத்தான் எழுதுறேன்:

உள்ளிருந்து முதல் ஆறு மரை: 16.04லிருந்து 16.01. ஏழாவது 15.93. எட்டு, ஒன்பது, பத்து அளக்கவே முடியலை, கம்பி உட்காரலை.

ரயில்வே_ஓய்வு

ஆக்சில் பிழைத்தது. ஆனால் விரிசல் பார்க்காமல் கை வைக்க வேண்டாம். ஸ்ப்ளிட் பின் துளை, கீ பள்ளத்தின் மூலை, மரை டேப்பரைத் தொடும் படி. இந்த மூன்று இடத்திலும் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் நன்றாகத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன மண்ணெண்ணெய் பொடியில் கோடாக ஊறி வரும். விரிசலைக் காட்டும் டை பெனிட்ரன்ட் ஸ்ப்ரே கிடைத்தால் இன்னும் நல்லது.

காரைக்குடி_கொட்டகை

இதைச் சாதாரணமா எடுத்துக்காதீங்க. என் வண்டியில் மரை புதுசு மாதிரி இருந்தது. சாக்பொடி போட்டப்போ கீ பள்ளத்தின் மூலையிலிருந்து ரெண்டு விரற்கடை நீளத்துக்கு ஒரு கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி. அந்த ஆக்சிலை அப்படியே ஒதுக்கிட்டேன். மேலே சொன்ன நாலு நாள் வேலை அதுக்காகத்தான்.

மண்டபம்30

சாக்பொடி போட்டுப் பார்த்தாச்சு. மூணு இடத்திலும் கோடு இல்லை. மனசு லேசாச்சு.

இனி வெளிமுனை. மரை வெட்டுற டை வாங்கி ஏத்திடவா?

பாம்பன்_லேத்

டை வேண்டாம்ணே. கெட்டுப்போன முனையில் டையை வைச்சா அது எந்தப் பள்ளத்தைப் பிடிக்கும்னு தெரியாது. கோணலா பிடிச்சா உள்ளே இருக்கிற நல்ல மரையையும் வெட்டிடும். நாங்க போட் சாஃப்டில் செய்ற ஒரு வேலை சொல்றேன். சரியான அளவு நல்ல நட்டு ஒண்ணை வாளால் ரெண்டு பாதியா அறுத்துக்கங்க. ரெண்டு பாதியையும் உள்ளே இருக்கிற நல்ல மரைமேல் வைத்து, கிளாம்ப் போட்டு மெதுவா இறுக்கி, எண்ணெய் விட்டு வெளிப்பக்கமா திருப்பிக்கிட்டே வாங்க. நல்ல மரை வழிகாட்டும், கெட்ட மரை நிமிர்ந்துக்கும். அதுக்கு முன்னாடி அந்தக் காளானை அரத்தால் எடுத்து முனையைச் சாய்வா சீவிடணும், இல்லாட்டி நட்டு வெளியே வராது.

வெல்டிங் பத்தி ஐயா சொன்னதை எங்க அப்பாகிட்ட சொன்னேன். படகு ஜெட்டியில் முறிஞ்சு வந்த சாஃப்ட் ரெண்டை எடுத்துக் காட்டினார். ரெண்டும் வெல்டு ஓரத்தில்தான் முறிஞ்சிருக்கு. கார் ஆக்சிலில் நான் வைக்கமாட்டேன்ணே.

நட்டு நான் செஞ்சு தாறேன். இஎன்8 உருக்கு ராடு இருக்கு, உள்மரை வெட்டுற 5/8 யுஎன்எஃப் டேப்பும் இருக்கு. வழக்கமா 14.5 துளை போடுவோம், இதுக்கு 14.4 போட்டு டேப் பண்ணா மரை இன்னும் நிறைவா இருக்கும். உயரமும் ரெண்டு மரை கூட வைக்கிறேன். ஹப் மூடிக்குள்ளே இடம் இருக்கான்னு மட்டும் அளந்து சொல்லுங்க.

கீழக்கரை_காக்கா

அருமையான யோசனை தம்பி. பாதி நட்டு வரும்போது எங்காவது அடைச்சா பலம் போடாம நிறுத்தி, மரை அரத்தால் அந்த இடத்தை மட்டும் தொடுங்க. சதுர அரம், அதில் 18ன்னு எழுதின முகத்தை எடுங்க. எப்பவும் உள்ளிருந்து வெளியே, சுழலோட போக்கிலேயே.

மண்டபம்30

நேற்று சாயங்காலம் முழுக்க இதுதான். காளானை எடுக்கவே அரை மணி நேரம். அரம் நல்லா கடிக்குது, கண்ணாடி மாதிரி வழுக்கலை. முனையைச் சுற்றி 45 டிகிரிக்குச் சாய்வா சீவினேன். அப்புறம் பாதி நட்டு. ஆறாவது மரை வரை தானா வந்தது. ஏழில் கை கனத்தது. எட்டில் நின்னுருச்சு. உற்றுப் பார்த்தா ஒரு பள்ளத்துக்குள்ளே பக்கத்து மரையின் உதடு மடிஞ்சு விழுந்து கிடக்கு, ஓலைப்பாய் ஓரம் மடிஞ்ச மாதிரி. அரத்தை அந்தப் பள்ளத்தில் சாய்ச்சு நாலு இழுப்பு இழுத்ததும் மடிப்பு சுருளா உரிஞ்சு வந்தது. திரும்ப எண்ணெய், திரும்பத் திருப்பல். பத்தாவது மரையைத் தாண்டி பாதி நட்டு என் கைக்கு வந்தப்போ மணி ஒன்பது.

வெளி மூணு மரையும் அழகா இல்லை. பாதி உயரம்தான் இருக்கு. ஆனா புது நட்டு விரலாலேயே ஏறுது, உள்ளே போகப் போக ஆட்டம் குறைஞ்சு ஆறு மரைமேல் கச்சிதமா உட்காருது.

ரயில்வே_ஓய்வு

நல்லது. இன்னும் முறுக்க வேண்டாம். டேப்பரைப் பார்த்தீர்களா? கிளம்பும்போதும் நிற்கும்போதும் 'டக்' என்று சொன்னது மரை அல்ல, ஹப் டேப்பரில் ஆடியது. ஹப்பின் உள்ளே புளூ (ஒட்டும் இடத்தைக் காட்டும் நீல மை) மெல்லியதாகத் தடவி, கீ இல்லாமல் டேப்பரில் அழுத்தி எடுத்துப் பாருங்கள். எங்கே ஒட்டுகிறது?

மண்டபம்30

ஐயா, இதைப் பார்க்காம இறுக்கியிருந்தா பெரிய தப்பு பண்ணியிருப்பேன். புளூ டேப்பரின் பெரிய முனையில் மட்டும் ஒரு வளையமா ஒட்டியிருக்கு. சின்ன முனையில் சுத்தமா இல்லை. அதோட இன்னொண்ணு: ஹப்பைக் கையால் அழுத்தி வைச்சா, டேப்பரின் முனை ஹப்பின் முகத்துக்கு வெளியே அரை மில்லி நீட்டிக்கிட்டு நிற்குது.

ரயில்வே_ஓய்வு

கண்டுபிடித்துவிட்டீர்கள். ஹப்பின் துளை தேய்ந்து ஹப் அளவுக்கு மீறி உள்ளே போய்விட்டது. டேப்பர் முனை வெளியே நீட்டினால் நட்டு ஹப்பைத் தொடாது, ஆக்சிலின் படியில் போய் முட்டும். நீங்கள் 100 முறுக்கினாலும் 200 முறுக்கினாலும் நட்டு கல் மாதிரி இறுகும், ஹப் மட்டும் சும்மா இருக்கும். அந்தப் பட்டறையில் நட்டைச் சீவும் அளவுக்கு இறுக்கியதன் காரணமும் இதுவாகத்தான் இருக்கும். இறுக்க இறுக்கச் சக்கரம் ஆடியிருக்கும், இன்னும் இறுக்கியிருப்பார்கள். நோய் டேப்பரில், அடி வாங்கியது மரை.

ஹப்பை உட்காரவைத்த நிலையில் டேப்பர் முனை ஹப்பின் முகத்துக்கு உள்ளே ஒன்றிரண்டு மில்லி அடங்கி இருக்க வேண்டும்.

முகையூர்_ஜீப்

ஒரு தடிமனான வாஷர் போட்டா தீர்ந்துடாதா? துளை பெரிசா இருக்கிற வாஷர்.

கீழக்கரை_காக்கா

தீராது தம்பி. மூணு மில்லி வாஷர் போட்டா உள்ளே இருக்கிற ரெண்டு நல்ல மரையை நட்டு இழந்துடும். நமக்கு இருக்கிறதே ஆறு. அதோட புளூ பெரிய முனையில் மட்டும் ஒட்டுதுன்னா பிடிப்பே அந்த வளையத்தில்தான். மாடல் ஏ-க்குன்னே டேப்பர் ஷிம் தகடு விற்கிறாங்க. ஹப்புக்கும் டேப்பருக்கும் நடுவே வைச்சா ஹப்பை வெளியே தள்ளும், டிரம் பின்தட்டில் உரசுறதும் நிற்கும். சிலர் வருசக்கணக்கா அதிலேயே ஓட்டுறாங்க. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஹப் சீரா தேய்ஞ்சிருந்தா ஷிம் உதவும். ஒருபக்கம் குடைஞ்சிருந்தா ஷிம்மும் சேர்ந்து நசுங்கித் தேயும்.

காரைக்குடி_கொட்டகை

மண்டபம் தம்பி, என்கிட்ட ஒரு இடது டிரம்மும் ஹப்பும் சும்மா கிடக்கு. டிரம் கொஞ்சம் துரு, ஹப் துளை கன்னியா இருக்கு. ஞாயித்துக்கிழமை தொண்டிக்கு ஒரு கல்யாணம், அங்கே வந்தா வாங்கிக்கங்க. காசு பேச்சு எடுக்கவேண்டாம்.

அப்புறம், கழட்டும்போது ஆக்சில் முனையில் மாட்டிச் சுத்தியால் அடிக்கிற புல்லர் வேண்டவே வேண்டாம். முனை காளானானது அதனாலதான். ஹப் கழுத்தில் இருக்கிற வரிப்பள்ளத்தைப் பிடிச்சு இழுக்கிற புல்லர்தான் இதுக்கு. நட்டை முழுசா கழட்டாம ரெண்டு சுற்று தளர்த்தி வைச்சுக்கிட்டு இழுங்க, ஹப் துள்ளி விழாது.

மண்டபம்30

அண்ணே, எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. தொண்டிக்கு வந்துடறேன்.

*(பத்து நாள் கழித்து)*

ஹப் வந்தாச்சு. புளூ போட்டப்போ முக்கால்வாசிக்கு மேல ஒட்டுச்சு. வால்வு தேய்க்கிற பேஸ்ட், நைசான பக்கம், கொஞ்சமே தொட்டு, கீ இல்லாம ஹப்பை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் திருப்பினேன். அப்புறம் மண்ணெண்ணெயில் மூணு தடவை கழுவி, துணியில் சாம்பல் நிறம் வராத வரை துடைச்சேன். டேப்பர் முனை இப்போ முகத்துக்கு உள்ளே ஒன்றரை மில்லி.

டேப்பரில் கிரீஸ் தடவணுமா? கடற்கரையில் இருக்கோமே, துருப் பிடிச்சு ஒட்டிக்காதா?

ரயில்வே_ஓய்வு

டேப்பர் காய்ந்தே இருக்கட்டும். பிடிப்பு உராய்வில்தான். கிரீஸ் இருந்தால் அதே முறுக்கில் ஹப் இன்னும் உள்ளே ஏறும், துளையும் விரியும். மரையில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். எண்ணெய் பட்ட மரையில் அதே முறுக்குக்கு இழுப்பு கூடும் என்பதால் 100க்கு மேல் போகாதீர்கள். முறுக்கும்போது கையில் ஒன்றைக் கவனியுங்கள். நட்டு திரும்பத் திரும்பப் பாரம் ஏறிக்கொண்டே வரவேண்டும். திரும்புகிறது, பாரம் ஏறவில்லை என்றால் மரை இளகுகிறது. அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

கீழக்கரை_காக்கா

துருவைப் பத்திச் சொன்னீங்க. நட்டு இறுக்கிப் பின் போட்ட பிறகு ஹப் மூடிக்குள்ளே நட்டையும் மரை முனையையும் மூடுற மாதிரி கிரீஸை அப்பிடுங்க. டேப்பருக்கு உப்புக்காத்து போற வழி அடைபடும். தனுஷ்கோடி போய்ட்டு வந்தா அன்னைக்கே நல்ல தண்ணியில் சக்கரத்தையும் அடிப்பக்கத்தையும் கழுவிடணும். கச்சான் அடிக்கிற மாசத்தில் அரிச்சல்முனை ரோட்டில் ஒரு மணி நேரம் நிறுத்தினாலே கண்ணாடியில் உப்பு படியுது, இரும்பை விட்டுவைக்குமா?

மண்டபம்30

முறுக்கு அளக்கிற டார்க் ரெஞ்ச் யாரிடமும் கிடைக்கலை. ஜெட்டியில் மீன் எடை போடுற தொங்குதராசு ஒண்ணு இரவல் வாங்கினேன். 100 அடி-பவுண்டுன்னா, ஒரு மீட்டர் பிடியில் 13.8 கிலோ இழுக்கிற முறுக்கு. ஸ்பேனர் பிடியில் நட்டின் நடுவிலிருந்து சரியா 60 சென்டிமீட்டரில் கோடு போட்டு, அங்கே தராசுக் கொக்கியை மாட்டி, பிடிக்குச் செங்குத்தா இழுத்தா 23 கிலோ காட்டணும். கணக்கு சரியா ஐயா?

ரயில்வே_ஓய்வு

சரி. ஸ்பேனரின் சொந்த எடை கணக்கில் சேராமல் இருக்க, பிடியை நேர் மேலாகவோ நேர் கீழாகவோ நிறுத்தி, தராசைப் படுக்கையாக இழுங்கள். தெரிந்த எடை ஒன்றைத் தொங்கவிட்டுத் தராசையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பாம்பன்_லேத்

அண்ணே, ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா நட்டைத் தளர்த்தாதீங்க. ஆறு பள்ளம், ஒரு பள்ளத்துக்கு 60 டிகிரி. முன்னாடி போக முடியலைன்னா நட்டைக் கழட்டி அடி முகத்தைக் கொஞ்சம் கடைஞ்சு தாறேன். ஒரு பள்ளம் நகர 0.23 மில்லி கடைஞ்சா போதும்.

மண்டபம்30

கடைய வேண்டிய அவசியம் வரலை. 10 கிலோவில் ஆரம்பிச்சு 15, 20, பாரம் ஒழுங்கா ஏறிச்சு. 23ல் துளை கால்வாசி தெரிஞ்சது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் நேரா நின்னுச்சு, தராசு 25 காட்டுச்சு. நூறைத் தாண்டி 108 அடி-பவுண்டு வந்துருச்சு, ஆனா கடைசி வரை கை இளகலை. துளைக்கு நிறைவான புது ஸ்ப்ளிட் பின். ஒரு காலை நட்டுமேல மடக்கி, ஒரு காலை ஆக்சில் முனைமேல மடக்கிட்டேன்.

வலது பக்கத்தையும் திறந்து பார்த்தேன். அங்கே சரியான நட்டு, மரை பத்தும் நல்லா இருக்கு, டேப்பர் உள்ளே அடங்கியிருக்கு. துடைச்சு, புதுப் பின் போட்டு மூடிட்டேன்.

*(அடுத்த வாரம்)*

மண்டபத்திலிருந்து தனுஷ்கோடி போய் வந்தோம். போக வர எண்பது கிலோமீட்டர் சொச்சம். பாலத்தில் ஏறும்போது பின் சக்கரத்துப் பக்கமா காதை வைச்சுக்கிட்டே ஓட்டினேன், சத்தம் இல்லை. வீட்டுக்கு வந்து ஹப் கையால் தொடுற சூட்டில்தான் இருந்தது. ஆறினதும் பின்னை எடுத்துத் தராசை மாட்டினேன். 23ல் நட்டு கொஞ்சம் நகர்ந்தது. ஹப் டேப்பரில் இன்னும் உட்கார்ந்திருக்கு. அடுத்த பள்ளம் வரை கொண்டுபோய், புதுப் பின் போட்டேன்.

*(ஒரு மாதம் கழித்து)*

தேவிபட்டினம் போய் ஐயாவைப் பார்த்துட்டு வந்தேன். அவரே குனிஞ்சு தராசை இழுத்துப் பார்த்தார். 23ல் நட்டு அசையலை. 25லும் அசையலை. பழைய 1.5 நட்டை அவர் கேட்டு வாங்கி மேசைமேல வைச்சிருக்கார். தராசை ஜெட்டியில் திருப்பிக் கொடுத்தாச்சு.